சுற்றுலாப் பேருந்து கிளம்பும் முன்: மாணவர் உடல்நலமும் பள்ளியின் சட்டப் பொறுப்பும்

கல்விச் சுற்றுலாவுக்கான ஒப்புதல் படிவத்தின் கடைசி வரியில், "அசம்பாவிதம் ஏதும் நேர்ந்தால் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல" என்று இருக்கும். பெற்றோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அந்த வரியை நம்பிப் பேருந்தை எடுக்காதீர்கள். அலட்சியத்துக்கான குற்ற வழக்கிலிருந்து அந்தக் கையெழுத்து யாரையும் காப்பாற்றாது. இழப்பீட்டு வழக்கிலும் அது பெரிதாக உதவாது. படிவத்தால் நிரூபிக்க முடிவது, பிள்ளையை அனுப்பப் பெற்றோர் சம்மதித்தார்கள் என்பதை மட்டும்தான். கவனிக்காமல் விடவும் சம்மதித்தார்கள் என்று அதை வைத்து வாதாட முடியாது.

1995 மே மாதம் பஞ்சாபில் ஒரு பள்ளி அழைத்துச் சென்ற சுற்றுலாவில், பியாஸ் ஆற்றில் 14 பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள். உடன் சென்ற ஆசிரியர்களின் கவனக்குறைவுக்கு நிர்வாகமே பொறுப்பு என்று சொல்லி, ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை 2001-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் பிரிவு 75-ம் இருக்கிறது. பொறுப்பில் இருக்கும் பிள்ளையைத் தெரிந்தே புறக்கணித்து வேதனைக்கு ஆளாக்கினால் 3 ஆண்டு வரை சிறை. பிள்ளைகளின் பராமரிப்பை ஏற்ற அமைப்பின் ஊழியரோ நிர்வாகியோ அதைச் செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம். கவனக்குறைவால் உயிர் போனால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106 பாயும். சுற்றுலா ஏற்பாட்டை டிராவல்ஸிடம் ஒப்படைத்துவிட்டாலும் பிள்ளையின் பொறுப்பு பள்ளியை விட்டுப் போகாது.

வழக்கு என்று வந்தால் கேள்விகள் மூன்றுதான். உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது? எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்? தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள்?

உடல்நலப் படிவம்

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாவது படிவம் கைக்கு வந்துவிட வேண்டும். "ஏதேனும் நோய் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் பாதிப் பேர் "இல்லை" என்றுதான் எழுதுவார்கள். சொன்னால் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். அதனால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஆஸ்துமா அல்லது வீசிங், வலிப்பு, சர்க்கரை, இதயக் கோளாறு, உணவு அல்லது மருந்து ஒவ்வாமை, கடந்த மூன்று மாதத்தில் அறுவை சிகிச்சை, பேருந்தில் வாந்தி, தூக்கத்தில் நடப்பது. "நோய் இருப்பதால் யாரையும் விட்டுச் செல்ல மாட்டோம்" என்ற வரியைப் படிவத்தின் உச்சியிலேயே அச்சிடுங்கள். அப்போதுதான் உண்மை வரும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை ஒதுக்குவது 2016-ன் உரிமைகள் சட்டப்படியும் தவறு.

மருந்துப் பகுதியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. "காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் 5 மில்லி" என்று ஒரு தாய் எழுதித் தருகிறார். கடையில் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பாகிவிடும். ஆகவே மருந்தின் பெயர், மில்லிகிராம், பிள்ளையின் எடை, எத்தனை மணிக்கு ஒருமுறை, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை முறை என்று எல்லாம் வேண்டும். மருந்து பெற்றோரே கொடுத்த பாட்டிலில், பெயர் ஒட்டி, மருத்துவரின் சீட்டோடு வர வேண்டும். இப்படி எழுதி வாங்காத எந்த மருந்தையும், பக்கத்து இருக்கை ஆசிரியையின் கைப்பையில் இருக்கும் மாத்திரை உட்பட, கொடுக்காதீர்கள்.

நிரப்பிய படிவம் தலைமையாசிரியர் அறையின் பீரோவில் இருந்து பயனில்லை. ஒவ்வொரு பேருந்திலும் அந்தப் பேருந்துப் பிள்ளைகளின் படிவ நகல் ஒரு கோப்பில் இருக்க வேண்டும். கவனம் தேவைப்படும் நாலைந்து பேரின் விவரம் அவர்களின் குழு ஆசிரியர் கையில் தனி அட்டையாக இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு வலிப்பு உண்டு என்பது மற்ற பெற்றோருக்குத் தெரிய வேண்டிய செய்தி அல்ல.

இடமும் சாப்பாடும்

மாமல்லபுரம் போகிறீர்கள் என்றால் அருகில் இரவு பகல் இயங்கும் மருத்துவமனை எது என்று முன்பே பேசி உறுதிசெய்யுங்கள். பெரிய சிகிச்சை என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கடற்கரையில் பிள்ளைகளைக் கணுக்கால் ஆழம்கூட இறங்கவிடாதீர்கள். அங்கே அலை இழுக்கும். வண்டலூர் உயிரியல் பூங்கா என்றால் பிரச்சினை வெயிலும் நடையும். மார்ச்சுக்குப் பிறகு முற்பகலிலேயே சுற்றி முடியுங்கள்.

தண்ணீர் கொண்டுபோனால் போதாது, குடிக்க வைக்க வேண்டும். கழிப்பறை அசுத்தமாக இருக்கும் என்று பெண்பிள்ளைகள் தண்ணீரைத் தொடாமல் இருந்து, பிற்பகலில் சுருண்டு விழுவார்கள். கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்கு நிறுத்தம் என்பதைக் காலையிலேயே சொல்லிவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை ஒரு தம்ளராவது குடிக்கச் சொல்லுங்கள்.

ஓ.ஆர்.எஸ். (உடலில் நீர் வற்றினால் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) எடுத்துச் செல்லும்போது பாக்கெட்டின் அளவைப் பாருங்கள். பெரியது ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு தம்ளரில் கரைத்தால் உப்பு ஏறி நிலைமை மோசமாகும். பழச்சாறு டப்பா ஓ.ஆர்.எஸ். ஆகாது.

சென்னைச் சுற்றுலா என்றால் புளியோதரையும் எலுமிச்சை சாதமும்தானே. இரண்டிலும் வேர்க்கடலை. கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பது ஏற்பாடு ஆகாது. தனியாகச் சமைத்து, தனிக் கரண்டியில் பரிமாற வேண்டும். காலை நாலு மணிக்குக் கட்டிய பொட்டலத்தை மதியம் ஒரு மணிக்குப் பிரிப்பதும் ஆபத்து. சமைத்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அதில் பெருகும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. போகும் இடத்திலேயே சூடாகப் போடச் சொல்லுங்கள். சமைத்தவர் யார், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டையும் படித்துப் பாருங்கள். பல பள்ளிகள் எடுப்பது குழு விபத்துக் காப்பீடு. விபத்துக்கு மட்டும் என்றால் காய்ச்சலுக்கோ ஆஸ்துமாவுக்கோ அதில் பணம் வராது.

ஒன்று நடந்தால்

பெரும்பாலும் நேரம் வீணாவது தொலைபேசியில். ஆசிரியர் தலைமையாசிரியரை அழைக்கிறார், அவர் தாளாளரை அழைக்கிறார், யாரோ ஒருவர் "பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்" என்கிறார். வரிசை இதுதான்: முதலில் 108, அடுத்து பெற்றோர், அதன் பிறகு பள்ளி. யாரிடமும் அனுமதி கேட்காமல் 108-ஐ அழைக்கலாம் என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலையில் பெற்றோர் வரும்வரை காத்திருக்காமல் மருத்துவர் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பதும், போலீஸ் நடைமுறைக்காகத் தாமதிக்கக் கூடாது என்பதும் 1989-லேயே உச்ச நீதிமன்றத்தின் பரமானந்த் கட்டாரா தீர்ப்பிலிருந்து தெளிவாக வருபவை.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது இதுதான் முதல் முறை என்றால் 108. சர்க்கரை உள்ள பிள்ளைக்கு வியர்த்து, கை நடுங்கி, ரத்தச் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இருந்தால், நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டு, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. வெயிலில் பிள்ளை உளற ஆரம்பித்தால் அது வெறும் களைப்பு இல்லை. நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது.

ஆம்புலன்ஸில் ஓர் ஆசிரியர் படிவ நகலோடு ஏறியாக வேண்டும். அதனால்தான் 12 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று கணக்குப் போட்ட பிறகும் பேருந்துக்கு ஒருவர் கூடுதலாக வேண்டும் என்கிறோம். காயம் என்றால் மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

குறிப்பு எழுதுவதில் பலரும் கோட்டை விடுகிறார்கள். "மாணவிக்கு மயக்கம், முதலுதவி செய்யப்பட்டது, நலம்" என்பது யாருக்கும் உதவாது. இப்படி எழுதுங்கள்: "11.40 வரிசையில் நின்றபோது தலைசுற்றல். 11.43 நிழலில் படுக்கவைத்தோம், தண்ணீர் கொடுத்தோம். 11.55 ஒரு முறை வாந்தி. 11.58 108 அழைப்பு. 12.01 தாயாரிடம் பேசினோம்." எழுதியவர் கையெழுத்தும், பார்த்த இன்னொருவர் கையெழுத்தும் இருக்கட்டும். அன்றே எழுதுங்கள். பிறகு திருத்தாதீர்கள்.

இரவு பள்ளி வாசலில் பெற்றோர் கையில் ஒப்படைக்கும் வரை பொறுப்பு உங்களுடையது. பகலில் கொடுத்த மருந்தையும் கடைசியாகக் கொடுத்த நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து கையொப்பம் வாங்குங்கள். இல்லாவிட்டால் வீட்டில் அதே மருந்தை இன்னொரு முறை கொடுத்துவிடுவார்கள். கோப்பை அடுத்த ஆண்டே பழைய பேப்பருக்குப் போடாதீர்கள். மைனருக்கு வழக்குத் தொடரும் கால வரம்பு 18 வயது நிரம்பிய பிறகுதான் ஓடத் தொடங்கும், அதற்குப் பிறகும் மூன்று ஆண்டு வரை அவகாசம் இருக்கலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் காயம் என்றால் அந்தக் காகிதம் பத்து ஆண்டு அலமாரியில் இருக்க வேண்டியதுதான்.