நாய்க்கடி ஊசி நடுவில் விட்டுப்போனால்

ஊசி போடும் அறையில் வேலை பார்க்கும் நர்ஸ் நான். யாராவது தயங்கித் தயங்கி சீட்டை நீட்டுவார்கள்: “சிஸ்டர், ஒரு ஊசி விட்டுப்போச்சு. மறுபடி முதல்லேர்ந்தா?”

வேண்டாம். போட்டது வீண்போகவில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் இன்றைக்கே போங்கள்.

சீட்டில் பாருங்கள். முதல் ஊசி போட்ட நாள்தான் 0, கடிபட்ட நாள் அல்ல. தசையில் போடும் ஐந்து ஊசி முறைக்கு 0, 3, 7, 14, 28. 3ஆம் நாள் ஊசியை 6ஆம் நாள் போட்டால், அடுத்ததை மறுநாளே போடுவதில்லை. நான்கு நாள் இடைவெளி விட்டு 10ஆம் நாள் போடுவோம். மற்றவையும் அதேபோலத் தள்ளிப்போகும். தோலுக்குள் போடும் முறைக்கு நாள்கள் வேறு, விதி இதுதான். பழைய தேதிகளை அடித்துவிட்டுப் புதியவற்றை அங்கேயே எழுதி வாங்குங்கள். அதே கம்பெனி மருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேறு கம்பெனி மருந்திலும் தொடரலாம்.

முதல் ஊசிகளிலேயே உடம்பு ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வைரஸை அடையாளம் கண்டு, நினைவு செல்களை உருவாக்கத் தொடங்கிவிடும். சில நாள் தாமதத்தில் அது அழிந்துவிடாது. ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் தெரிய ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். ஒழுங்காகப் போட்டவர்களுக்கு 14ஆம் நாள் வாக்கில் போதிய அளவான மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டைத் தாண்டிவிடும். ஊசி தள்ளிப்போனால் இதுவும் தள்ளிப்போகலாம்; அதற்குள் வைரஸ் நரம்பு வழியே மூளையை நோக்கி நகர்ந்துவிடலாம். தாமதத்தில் எனக்குள்ள பயம் அதுதான். தலை, முகம், கை விரல் கடி என்றால் இன்னும் அதிகம். “காயம்தான் ஆறிடுச்சே” என்பவர்களிடம் நான் மன்றாடியே சொல்வேன்: மேல்தோல் ஆறியதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அறிகுறி பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில்தான் வரும். வந்தபின் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை.

காயத்தைச் சுற்றிப் போடும் சீரம் ஊசி (தயாராக உள்ள எதிர்ப்புப்பொருள்) விட்டுப்போயிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாள் வரைதான் அதைப் போடுவோம். பிறகு உடம்பே எதிர்ப்புப்பொருளை உண்டாக்கத் தொடங்கியிருக்கும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு எதிர்ப்பு சரியாக வராமல் போகலாம், ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

கடித்த நாயோ பூனையோ 10 நாள் கண்ணெதிரே நலமாக இருந்தால் மீதி ஊசியை நிறுத்தலாம். அந்த முடிவை டாக்டர் எடுக்கட்டும்.

சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு டோஸாவது போட்டதற்கு ஆதாரம் இருந்தால், பின்னாளில் மறுபடி கடிபட்டாலும் பெரும்பாலும் 0, 3 என இரண்டு ஊசியே போதும், சீரம் தேவைப்படாது. சீட்டு இல்லையென்றால் முதல்முறை கடிபட்டவராகவே பார்ப்போம்.