நோம்பு அதிரசம் வீட்டுலயே சுடுறது எப்படி? பாகு பதமும் மாவு ஈரமும்

தீபாவளிக்கு மொத நாள் அடுப்ப பத்த வெச்சு அதிரசம் சுட்டுடலாம்னு நெனச்சீங்கன்னா முடியாதுங்க, அரிசி மூணு நாள் முன்னாடியே ஊறியிருக்கணும். எங்க பக்கம், திருவண்ணாமலை ஆரணி சுத்து வட்டாரத்துல கேதார கௌரி நோம்பு எடுக்குற வீட்டுல அதிரசம் இல்லாம நோம்பே கெடையாது, 21 அதிரசம் 21 வெத்தல 21 பாக்குன்னு எண்ணி வெச்சு படைச்சுட்டுத்தான் நோம்புக் கயிறு கட்டிக்குவோம். அது அமாவாசை அன்னைக்கு எடுக்குற நோம்பு, சில வருஷம் தீபாவளி அன்னைக்கே அமாவாசை வந்துடும், சில வருஷம் மறுநாள் வரும், அதனால காலண்டர பாத்துட்டு அங்கேர்ந்து பின்னாடி மூணு நாள் எண்ணி அரிசிய ஊறப் போடுங்க.

கடையில இப்பல்லாம் அதிரச மாவு பாக்கெட்லயே கெடைக்குது, ஆனா சாமிக்கு வெக்கிறத நம்ம கையால செய்யணும்னு எனக்கு ஒரு பிடிவாதம். திருமலை கோயில் கல்வெட்டுலயே விஜயநகர காலத்துல அதிரசப்படின்னு பெருமாளுக்கு படைச்ச கணக்கு இருக்கு, அவ்ளோ பழைய பலகாரம் நம்ம தலமுறையோட கைவிட்டுப் போயிடக் கூடாதுன்னுதான் இத இவ்ளோ விளக்கமா எழுதுறேன்.

அளவு ரொம்ப சுலபம், 1 கிலோ மாவு பச்சரிசிக்கு முக்கா கிலோ வெல்லம். எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடிச்சா 40க்கு மேல வரும். மொத தடவ செய்றவங்க அரை கிலோ அரிசிக்கு 375 கிராம் வெல்லம்னு போட்டுக்கோங்க. இதுக்கு மேல ஏலக்கா ஒரு 10, ஒரு ஸ்பூன் சுக்குப்பொடி, கொஞ்சம் எள்ளு, நெய், சுட எண்ணெய், அவ்ளோதான் சாமான். சோறு வடிக்கிற பொன்னி பச்சரிசிய விட மாவு பச்சரிசிதான் நல்லது, ரேஷன் பச்சரிசி நல்லதா கெடைச்சா அதுலயும் அருமையா வரும், எங்க ஆயா கடைசி வரைக்கும் அதுலதான் செஞ்சாங்க. வெல்லம் வாங்கும்போது பளிச்சுனு மஞ்சளா இருக்கறத எடுக்காதீங்க, அது மருந்து போட்டு வெளுத்ததா இருக்கும், கொஞ்சம் கறுப்பா பிசுபிசுன்னு இருக்குற பாகு வெல்லம்னு கேட்டு வாங்குங்க. ஒரு துண்டு வாயில போட்டு பாருங்க, உப்பு கரிச்சா வேணாம், அதிரசமும் அப்படியே கரிக்கும்.

அரிசிய நாலஞ்சு தண்ணில கழுவி ரெண்டு மணி நேரம் ஊறவிட்டு தண்ணிய சுத்தமா வடிச்சுடுங்க. அப்புறம் ஒரு பழைய வேட்டிய நெழல்ல விரிச்சு அதுல பரப்பணும், வெயில்ல போடவே கூடாது. ஃபேன் காத்துல 15லேர்ந்து 20 நிமிஷம்னு சொல்லுவாங்க, ஆனா மழ நாள்ல அரை மணி கூட ஆகும், அதனால கடிகாரத்த நம்பாம கையால பாருங்க. ஒரு பிடி அரிசிய அள்ளி எறக்குங்க, உள்ளங்கை ஜில்லுனு ஈரமா இருக்கணும், ஆனா தண்ணி ஒட்டக் கூடாது, அதான் பதம். முழுசா காஞ்சுடுச்சுன்னா அதிரசம் கல்லாட்டம் ஆயிடும், அப்புறம் எவ்ளோ நல்ல பாகு வெச்சாலும் பிரயோஜனம் இல்ல.

ஈரத்தோடயே கொஞ்சம் கொஞ்சமா மிக்ஸில அரைச்சு சலிச்சுக்கோங்க, சல்லடைல நிக்கிற குருணைய திரும்ப போட்டு அரைங்க. மில்லுக்கு எடுத்துட்டு போறதா இருந்தா ஈர அரிசி அரைக்கிற மெஷின் தனியா இருக்கான்னு கேட்டுக்கோங்க, முன்னாடி மொளகா அரைச்ச மெஷின்ல போட்டுட்டா ஒண்ணும் பண்ண முடியாது. அரைச்ச மாவ கையில இறுக்கி பிடிச்சா கொழுக்கட்ட மாதிரி நிக்கணும், விரலால தட்டினா உதிரணும், புட்டு மாவுக்கு பாப்போமே அதே மாதிரி. சலிச்ச ஒடனே மூடி வெச்சுடுங்க, இல்லன்னா ஈரம் போயிடும்.

இப்ப பாகு. மகாராஷ்டிரால இதே குடும்பத்துல அனரசான்னு ஒண்ணு செய்வாங்க, அதுக்கு பாகே காய்ச்சறதில்ல, மூணு நாள் ஊறவெச்ச அரிசி மாவுல வெல்லத்தயோ சக்கரையயோ அப்படியே பிசைஞ்சுடுவாங்க. நம்ம அதிரசத்துக்கும் ஆந்திரா அரிசெலுக்கும் பாகுதான் உயிர், இங்க மட்டும் ஃபோன தள்ளி வெச்சுட்டு அடுப்புகிட்டயே நில்லுங்க. வெல்லத்த தட்டி, முங்குறதுக்கும் கொஞ்சம் குறைவா தண்ணி ஊத்தி கரைய விட்டு, மண்ணு போக வடிகட்டி, அடி கனமான பாத்திரத்துல திரும்ப ஊத்தி மிதமான தீயில கொதிக்க விடுங்க. பொங்கும், அதனால பாத்திரம் பெருசாவே இருக்கட்டும், பிள்ளைங்கள அந்தப் பக்கம் விடாதீங்க, வெல்லப்பாகு கையில பட்டா ஒட்டிக்கிட்டு தோலோட வரும்.

பக்கத்துல ஒரு தட்டுல தண்ணி வெச்சுக்கிட்டு அடிக்கடி ஒரு சொட்டு விட்டு பாருங்க. மொதல்ல கரைஞ்சு போயிடும். அப்புறம் கரையாம கம்பி மாதிரி அடில படியும், ஆனா கையில சேராது. அதுக்கப்புறம் ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ, விரலால கூட்டினா மெத்துனு ஒரு உருண்டையா சேந்து வரும், எடுத்து பிடிச்சா நசுங்கும், அந்த நொடியே அடுப்ப அணைச்சுடணும். அந்த உருண்டைய தட்டுல போட்டு டங்குனு சத்தம் வந்துச்சுன்னா தாண்டிப் போச்சு, அது பொரி உருண்டைக்கான பதம், அதிரசத்துக்கு இல்ல. தெர்மாமீட்டர் வெச்சிருக்கவங்க 112லேர்ந்து 115 டிகிரி செல்சியஸ்குள்ள பாத்துக்கோங்க.

அணைச்ச ஒடனே ஏலக்கா, சுக்கு, எள்ளு போட்டு, ஒரு கையால மாவ தூவிக்கிட்டே இன்னொரு கையால மரக் கரண்டில கிளறுங்க, ஆள் தொணைக்கு இருந்தா நல்லது. எல்லா மாவையும் மொத்தமா கொட்டிடாதீங்க, ரெண்டு பிடி மாவு எடுத்து வெச்சுக்கோங்க, ஏன்னா ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு மாதிரி பாகு இழுக்கும். சப்பாத்தி மாவ விட நல்லா தளர்வா, கரண்டில எடுத்தா மெதுவா வழியுற மாதிரி இருக்கும்போதே நிறுத்திடணும். பாக்க தண்ணியா இருக்கே இன்னும் மாவு போடலாமான்னு மனசு அடிச்சுக்கும், போடாதீங்க, ஆற ஆற தானா இறுகும். மேல ரெண்டு ஸ்பூன் நெய் விட்டு, சூடு ஆறுற வரைக்கும் துணியால மூடுங்க, தட்டு போட்டு மூடினா ஆவி வேர்த்து உள்ள சொட்டும். ஆறினப்புறம் எவர்சில்வர் தூக்குலயோ மண் சட்டிலயோ மூடி ரெண்டு நாள் வெளியவே வெச்சுடுங்க, அந்த ரெண்டு நாள்ல மாவு பாக உள்ள இழுத்து ஒண்ணாச் சேரும், அதிரசம் மெத்துனு வர்றதுக்கு இதுதான் காரணம். அதுக்கு மேல வெக்கணும்னா ஃப்ரிட்ஜ்ல வெச்சு, சுடுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி எடுத்து நல்லா பிசைஞ்சுக்கோங்க.

சுடுறது இதோட ஒப்பிட்டா லேசு. வாழ எலைல நெய் தடவி, உருண்டைய வெச்சு வட்டமா தட்டுங்க, ரொம்ப மெலிசா வேணாம், ஓரமும் நடுவும் ஒரே கனமா இருக்கணும். எண்ணெய்ல துளி மாவு போட்டா கீழ போயி நிதானமா மேல வரணும், சட்டுனு எழும்பினா சூடு அதிகம், வெல்லம் சேந்த மாவுங்கறதால வெளிய கருகி உள்ள வேகாது. ஒண்ணொண்ணாத்தான் போடணும். மேல எழும்பினதும் ஒரு தடவ திருப்பி, செவக்க ஆரம்பிக்கும்போதே எடுத்துடுங்க, வெளிய வந்தப்புறமும் நெறம் ஏறும். எடுத்த சூட்டோட ரெண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவுல வெச்சு அழுத்துனா எண்ணெய் அவ்ளோ வடியும், அதிரசக் கட்டை இருந்தா இன்னும் நல்லது. ஆறுற வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, ஒட்டிக்கும்.

நோம்புக்கு சுடும்போது ஒரு சிக்கல், படைக்கிறதுக்கு முன்னாடி வாயில வெச்சு பாக்க முடியாது. கல்யாணமான மொத வருஷம் சென்னைல தனியா செஞ்சேன், சாயங்காலம் விளக்கேத்துற நேரத்துல எண்ணெய்ல போட்ட அதிரசம் எல்லாம் தூள் தூளா பிரிஞ்சு போச்சு, அழுகையே வந்துடுச்சு. அத்தைக்கு ஃபோன் பண்ணேன். பாகு பத்தலம்மா, ஒரு அச்சு வெல்லம் எடுத்து கெட்டியா பாகு வெச்சு மாவுல ஊத்தி பிசை, கால் மணி நேரம் விட்டுட்டு சுடுன்னாங்க. அதே மாதிரி பண்ணி 21ம் முழுசா வந்துச்சு. அதுலேர்ந்து நான் மொத நாளே கொஞ்சம் மாவ தனியா எடுத்து ஒண்ணே ஒண்ணு சுட்டு, பிச்சு மட்டும் பாத்துக்குவேன், திங்க மாட்டோம்.

பாகு கொஞ்சம்தான் இளசு, மாவு லேசா பிரியுதுன்னா ரெண்டு ஸ்பூன் கோதும மாவோ பச்சரிசி மாவோ சேத்து பிசைஞ்சாலே போதும். மாறா கெட்டியா போயி விரிசல் விடுதுன்னா வெதுவெதுப்பான பால கைல தொட்டு தொட்டு தெளிச்சு பிசைங்க. எதுக்குமே சரி வரலன்னா மாவ தூக்கிப் போடாதீங்க, ஒரு கனிஞ்ச வாழப்பழமும் தண்ணியும் விட்டு கரைச்சு பணியாரக் கல்லுல நெய் விட்டு ஊத்துங்க, எங்க வீட்டுப் பசங்க அதிரசத்த விட அதத்தான் மொதல்ல காலி பண்ணுவாங்க.