சங்கிலியாக ஓடும் சர்வீஸ்களைக் குபெர்னெட்டிஸில் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது எப்படி?

எங்கள் ஆப்பில் ஆர்டர் பட்டனைத் தட்டினால் நான்கு சர்வீஸ் வரிசையாக ஓடும்: கேட்வே, லாகின், விலை, இருப்பு. குபெர்னெட்டிஸ் (சர்வீஸ்களைப் பல இயந்திரங்களில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்) நடத்தும் எங்கள் கிளஸ்டர், அதாவது இயந்திரக் கூட்டம், மூன்று ஸோன்களில் (தனித்தனி டேட்டா சென்டர் பகுதிகளில்) பரவியிருந்ததால் ஒவ்வொரு ஆர்டரும் ஊர் சுற்றிவிட்டுத்தான் வந்தது. தாமதம் ஒரு பக்கம், ஸோன் தாண்டும் டேட்டாவுக்கு பில் இன்னொரு பக்கம்.

இதில் ஷெட்யூலரை, அதாவது எது எந்த இயந்திரத்தில் ஓடும் என்று முடிவு செய்யும் பகுதியை, திட்டிப் பயனில்லை. இடம் போதாத நோடுகளை, அதாவது இயந்திரங்களை, கழிக்கும், மிச்சத்துக்கு மார்க் போடும், அவ்வளவுதான். யார் யாரை அழைக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். டெப்ளாய்மென்ட் எழுதத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: நான்குக்கும் சிபியு, மெமரி ரிக்வெஸ்ட் எழுதுங்கள். பாட் (ஒரு சர்வீஸின் ஓடும் பிரதி) நிஜத்தில் எவ்வளவு தின்கிறது என்று ஷெட்யூலர் பார்ப்பதில்லை. எழுதிய எண்ணைத்தான் நம்பும்.

படி 2: நங்கூரத்தைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் டேட்டாபேஸ் ஒரே ஸோனில் இருக்கிறது. அதோடு பேசும் இருப்பு சர்வீஸை நோட் அஃபினிட்டி (எந்த நோடுகளில் ஓடலாம் என்ற விதி) போட்டு அந்த ஸோனில் நிறுத்தினேன்.

படி 3: மற்ற மூன்றுக்கும் பாட் அஃபினிட்டி, அதாவது எந்த பாட் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற விதி. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். விலை இருப்பின் பக்கத்தில், இருப்பு விலையின் பக்கத்தில் என்று இரண்டு திசையிலும் எழுதி, இரண்டையும் 'ரிக்வயர்ட்' (கட்டாயம்) வகையில் போட்டேன். இரண்டும் நோடு கிடைக்காமல் பெண்டிங்கில் நின்றன. நீ முதலில் போ, நான் பின்னால் வருகிறேன் கதை! டிஸ்கிரைப் கட்டளை போட்டுப் பார்த்தால், அஃபினிட்டி விதிக்கு எந்த நோடும் பொருந்தவில்லை என்று வருகிறது.

ஒரே திசையில் எழுதுங்கள்: விலை இருப்பைத் தேடும், லாகின் விலையை, கேட்வே லாகினை. வகை 'பிரிஃபர்ட்' (முடிந்தால்), வெயிட் 100. எதுவரை 'பக்கம்' என்று சொல்லும் டோபாலஜி கீயில் ஸோன் போடுங்கள். ஹோஸ்ட்நேம் போட்டால் எல்லாம் ஒரே நோடில் போய் நெருக்கும். அந்த நோடு விழுந்தால் சங்கிலியே போச்சு.

(பாட் என்பதோடு ஐ சேர்த்தால் பாடை ஆகிவிடுகிறது. அதனால் அந்த வேற்றுமையைத் தவிர்த்தே எழுதுகிறேன்.)

படி 4: வாலிலிருந்து, அதாவது இருப்பிலிருந்து, ஏற்றுங்கள். கேட்வேயை முதலில் ஏற்றினால் பக்கத்தில் போக ஆள் இல்லை, கிடைத்த இடத்தில் உட்கார்ந்துவிடும். பிறகு இருப்பு வந்தாலும் தானாக நகராது. ஏற்கெனவே ஓடுகிறதென்றால் அதே வரிசையில் ரோல்அவுட் ரீஸ்டார்ட் கொடுங்கள்.

சரிபார்க்க எனக்கு கே9எஸ் (டெர்மினலில் ஓடும் குபெர்னெட்டிஸ் கருவி) போதும்; பிரவுசர் டாஷ்போர்டுகளில் பொறுமை இல்லை. ஒன்று: கட்டளையில் பார்த்தால், கெட் பாட்ஸோடு 'ஓ வைட்' போட்டாலும் நோடு பெயரைத்தான் காட்டும். எந்த நோடு எந்த ஸோன் என்று பார்க்க, கெட் நோட்ஸோடு பெரிய எல் போட்டு ஸோன் லேபிளைக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: "எல்லா ஸோனிலும் பிரதிகள் வைத்திருக்கிறேன், அப்படியும் பில் குறையவில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயம். பாட் எங்கே உட்காரும் என்பது வேறு, டிராஃபிக் எங்கே போகும் என்பது வேறு. குபெர்னெட்டிஸில் 'சர்வீஸ்' என்று எழுதும் பகுதிதான் அழைப்புகளை பாடுகளுக்கு அனுப்பும்; அது எல்லா ஸோன் பாடுகளுக்கும் பங்கு போடும். அந்த சர்வீஸின் ஸ்பெக்கில் டிராஃபிக் டிஸ்ட்ரிபியூஷன் என்ற இடத்தில் 'பிரிஃபர் குளோஸ்' எழுதுங்கள், பதிப்பு 1.33 முதல் இது ஸ்டேபிள். ஒரு ஸோனில் பிரதி குறைவாக இருந்தால் அந்த ஸோன் சுமை முழுதும் அதன் தலையில்தான் விழும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவருக்கு அஃபினிட்டி வேலையே செய்யவில்லை. அவருடைய விலையும் இருப்பும் வெவ்வேறு நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் தனித்தனிப் பிரிவு)! எதுவும் சொல்லாவிட்டால் தன் நேம்ஸ்பேஸுக்குள் மட்டுமே தேடும். அஃபினிட்டி விதியிலேயே நேம்ஸ்பேஸஸ் என்று ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது.