தாக்கவீதத்தை வீட்டில் அளப்பது: முட்டைக்கோதும் வினாகிரியும்

உயர்தர இரசாயனம் படிக்கிற பிள்ளையிடம் தாக்கவீதம், அதாவது தாக்கம் நடக்கிற வேகம், என்றால் என்ன என்று கேட்டால் வரைவிலக்கணம் மடமடவென்று வரும், அந்த வீதத்தை எந்த நேரத்தில் அளப்பது என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். ஒரு தாக்கத்துக்கு ஒரே வீதம் என்று எதுவும் கிடையாது. தாக்கி (தாக்கத்தில் ஈடுபடும் பொருள்) தீரத் தீர வேகமும் குறையும். அதனால் தொடக்கத்தைப் பிடிக்க வேண்டும்.

முட்டைக்கோதில் பெரும்பங்கு கல்சியம் காபனேற்று, அது வினாகிரியில் உள்ள அசற்றிக்கமிலத்தோடு தாக்கமடைந்து காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடும். கழுவி, உள்தோலை உரித்து, வெயிலில் காயவைத்து, அம்மியில் பொடியாக்கித் தேத்தண்ணி வடியில் அரித்துக்கொள்ளுங்கள். தூள் 0.3 கிராம், வினாகிரி 50 மில்லிலீற்றர் போதும். முழுதும் கரைந்தாலும் வெளியேறும் காபனீரொட்சைட்டின் நிறை ஏறக்குறைய 0.13 கிராம்தான், ஆகவே சமையலறைத் தராசில் நிறைக் குறைவைப் பார்க்க முயல்வது வீண் வேலை. அதே வாயுவைக் கனவளவாகப் பார்த்தால் 75 மில்லிக்குக் கிட்ட வரும், அதை வடிவாக வாசிக்கலாம்.

அகன்ற வாய் ஜாம் போத்தலின் மூடியில் துளை போட்டு, பாமசியில் வாங்கிய சேலைன் குழாயைச் செருகி, சுற்றிவரப் பசையால் அடையுங்கள். மறுமுனை, தண்ணீர்ப் பேசினில் நீர் நிரப்பிக் கவிழ்த்த 100 மில்லி அளவுச்சாடிக்குள் போகட்டும். தூளை ஒரு சோடாப் போத்தல் மூடியில் வைத்து வினாகிரியின் மேல் மிதக்க விட்டு, ஜாம் போத்தலை இறுக்கி மூடி, சாடியின் தொடக்க வாசிப்பைக் குறித்துவிட்டுப் போத்தலைக் குலுக்கினால் மிதப்பது கவிழும், அந்தக் கணம்தான் பூச்சியம். கடிகாரத்தையும் சாடியையும் மாறி மாறிப் பார்த்து அல்லற்படாமல் ஃபோனில் வீடியோ எடுத்துவிட்டு, அப்புறம் ஆறுதலாக 10 செக்கனுக்கு ஒரு வாசிப்பு எழுதுங்கள். காபனீரொட்சைட்டு தண்ணீரில் கொஞ்சம் கரையும் என்பதால் முதல் தடவை கிடைத்ததைக் கணக்கில் எடுக்காமல், அதே தண்ணீரிலேயே மறுபடி செய்வது நல்லது.

நேரத்துக்கு எதிராகக் கனவளவை வரைந்து, வளைகோட்டின் ஆரம்பத்தில் தொடலி (வளைகோட்டை அந்த இடத்தில் தொட்டுச்செல்லும் நேர்கோடு) போட்டு அதன் படித்திறனை, அதாவது சரிவை, காணுங்கள். 10 செக்கனில் 12 மில்லி என்று வந்தால் வீதம் செக்கனுக்கு 1.2 மில்லி. 30 பாகையில் ஒரு மோல் வாயு ஏறக்குறைய 24.9 லீற்றர், ஆக அது செக்கனுக்குச் சுமார் 0.00005 மோல்.

வெப்பநிலையை மட்டும் அசட்டை செய்ய வேண்டாம். பல தாக்கங்களில் 10 பாகை கூடினால் வீதம் கிட்டத்தட்ட இரட்டிக்கும், மட்டக்களப்பில் கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று அடிக்கிற நாளில் காலையில் எடுத்த வாசிப்பையும் மதியம் எடுத்ததையும் ஒரே அட்டவணையில் போட்டால் செறிவின் விளைவா வெயிலின் விளைவா என்று பிரிக்கவே முடியாது. போத்தலைத் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் வைத்து, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

செறிவை மாற்றும்போது மொத்தக் கனவளவை 50 மில்லியாகவே வைத்து, 25 வினாகிரி, 25 தண்ணீர் என்று கலக்கலாம். வீதம் சரிபாதியாகவில்லை என்று பதற வேண்டாம், அசற்றிக்கமிலம் மென்னமிலம் (தண்ணீரில் ஒரு பங்கு மட்டுமே அயனாகிற அமிலம்), ஐதாக்கினால் அதில் அயனாகும் பங்கு கூடும்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் தயோசல்பேற்றுக் கரைசலில் அமிலம் ஊற்றி, கரைசல் கலங்கி முகவைக்குக் கீழே கடதாசியில் போட்ட புள்ளடி மறையும் நேரத்தை எடுப்பார்களே, அதில் 1/நேரம் ஒப்பிடத்தான் உதவும். அதற்கும் அதே முகவை, அதே கடதாசி, அதே ஆளின் கண் வேண்டும். கந்தகவீரொட்சைட்டு வரும், யன்னலைத் திறந்து வையுங்கள்.