உணவு ஒவ்வாத பிள்ளைக்கு ஆன்டிபயாடிக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால் ஒவ்வாத குழந்தையின் அம்மா ஒருவர் போன வாரம் என்னிடம் பேசினார். குழந்தைக்குக் காதில் சீழ், மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான்காம் நாள் வயிற்றுப்போக்கு. அன்று மாலைக்குள் அவர் மருந்தை நிறுத்திவிட்டார், சந்தேகப்பட்ட மூன்று உணவுகளையும் நிறுத்திவிட்டார், புதிதாக ஒரு புரோபயாடிக் பொடியும் (வயிற்றுக்கு நல்லது செய்யும் கிருமிகள் சேர்ந்தது) தொடங்கிவிட்டார். கேட்கக் கேட்க எனக்கு மனசு பதறியது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் மகளுக்கு நான் செய்ததும் ஏறக்குறைய இதேதான்.

பாதியில் நிறுத்தாதீர்கள், போன தடவை மிச்சமானதைக் கொடுக்காதீர்கள், சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வது, அதை விட்டுவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பால் ஒவ்வாத பிள்ளையை வளர்த்து, அலர்ஜி மருத்துவர்களின் வாசலில் வருடக்கணக்காகக் காத்திருந்த அம்மா. எங்களைப் போன்ற வீடுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

மருந்தின் பெயரை மட்டும் படிப்பது

குழந்தைகளுக்கான சிரப்பில் மருந்தோடு இனிப்பு, நிறம், மணம் எல்லாம் சேர்ந்திருக்கும். மருத்துவர் எழுதுவது மருந்தை. மற்றவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 'சர்க்கரை இல்லாதது' என்று போட்டிருந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். சர்க்கரைக்குப் பதில் சார்பிட்டாலோ அஸ்பார்டேமோ இருக்கலாம். சார்பிட்டால் சில பிள்ளைகளுக்குத் தானாகவே வயிற்றை இளக்கும். பிறவியிலேயே ஃப்ரக்டோஸ் ஒவ்வாத குழந்தைக்குச் சார்பிட்டாலும் ஆபத்து, சாதாரணச் சர்க்கரையும் ஆபத்து. பினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் உள்ள குழந்தைக்கு அஸ்பார்டேம் ஆகாது.

லாக்டோஸ் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். மாத்திரையில் நிரப்புப் பொருளாகச் சேரும் லாக்டோஸ் மிகக் கொஞ்சம். பால் சர்க்கரை செரிக்காத பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பால் புரதம் ஒவ்வாத பிள்ளையின் கதை வேறு. லாக்டோஸ் பாலிலிருந்து எடுக்கப்படுவதால் துளி அளவு புரதம் அதில் ஒட்டியிருக்கக்கூடும். எந்த வகை ஒவ்வாமை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். 'பால் சேராது' என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே படும். மருந்து வாங்கும்போதே உள்ளே இருக்கும் குறிப்புத் தாளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து தூளில் தண்ணீர் ஊற்றிய பிறகு படித்து என்ன செய்வது?

கம்பெனியை மாற்றிவிட்டு மில்லி அளவை மாற்றாமல் விடுவது

நிறம் சேராது என்று வேறு சிரப் கேட்டு வாங்குவோம். ஒன்றில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் அமாக்ஸிசிலின் இருக்கும், இன்னொன்றில் அதே 5 மில்லியில் 250. பழைய பழக்கத்தில் அதே அளவு ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும், அல்லது பாதியாகிவிடும். புட்டி மாறினால் 'எத்தனை மில்லி' என்று மறுபடி கேளுங்கள்.

பிள்ளை நம்பிச் சாப்பிடும் உணவில் மருந்தை ஒளிப்பது

உணவு ஒவ்வாத பிள்ளைகளில் பலருக்குச் சாப்பிட முடிந்ததே ஐந்தாறு பொருள்தான். அதில் ஒன்றில் கசப்பு மருந்தைக் கலந்தால் அந்த உணவையே பிள்ளை வெறுத்துவிடும். என் மகள் இப்படி ஒன்றை இரண்டு வருடம் தொடவில்லை. கலந்துதான் ஆக வேண்டுமென்றால், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் அவ்வளவாகப் பிடித்தம் இல்லாத ஏதாவது ஒன்றில் இரண்டு ஸ்பூன் போதும். முழுக் கிண்ணத்தில் கலந்தால் பாதி உணவோடு பாதி மருந்தும் மீந்துவிடும். இன்னொன்று, கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சிரப்பைப் புளிப்பான பழச்சாற்றோடு கொடுக்காதீர்கள். கசப்பை மறைக்கும் பூச்சு புளிப்பில் கரைந்து, கசப்பு இன்னும் கூடிவிடும்.

உடம்பில் சிவப்பைப் பார்த்ததும் 'பெனிசிலின் அலர்ஜி' என்று முடிவு கட்டுவது

இதைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்ததே.

மகளுக்கு அப்போது இரண்டு வயது. காது வலிக்கு அமாக்ஸிசிலின், அது பெனிசிலின் வகை ஆன்டிபயாடிக். ஏழாம் நாள் காலையில் மார்பிலும் வயிற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். அரிப்பு இல்லை, வீக்கம் இல்லை, பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். நான்தான் விளையாடும் நிலையில் இல்லை. பாலுக்கு ஒருமுறை உதடு வீங்கியதைப் பார்த்த அம்மாவுக்கு எந்தச் சிவப்பும் அலர்ஜியாகத்தான் தெரியும். ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே இருந்தவர் நான் சொன்னதை அப்படியே கேட்டு, அவளுடைய மருத்துவ அட்டையில் சிவப்பு மையால் 'பெனிசிலின் அலர்ஜி' என்று எழுதினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. காரணம் தெரிந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்தது.

அந்த இரண்டு சொற்கள் ஐந்து வருடம் எங்களைத் துரத்தின. ஒவ்வொரு தொண்டை வலிக்கும் வேறு மருந்து, பெரும்பாலும் இன்னும் பரவலாகக் கிருமிகளைக் கொல்லும் மருந்து. வயிறு ஒவ்வொரு தடவையும் கெட்டது. கெட்ட ஒவ்வொரு தடவையும் அந்த வாரம் சாப்பிட்ட ஒரு உணவை நான் சந்தேகப்பட்டு நிறுத்தினேன். அதுவரை சிக்கலில்லாமல் சாப்பிட்டுவந்த முட்டையும் அப்படித்தான் போனது. நன்றாக ஏற்றுக்கொண்ட உணவை வருடக்கணக்கில் நிறுத்தினால், தோல் அழற்சி உள்ள பிள்ளைகளுக்கு அதற்கே உண்மையான ஒவ்வாமை வந்துவிடலாம் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

ஏழு வயதில் ஒரு அலர்ஜி மருத்துவர் முதல்முறையாகக் கேட்டார். எத்தனையாவது நாள்? மருந்து கொடுத்து எத்தனை மணி நேரத்தில்? அரித்ததா? அந்த வாரம் காய்ச்சல் இருந்ததா? படம் எடுத்தீர்களா? பாதிக்கு மேல் என்னிடம் பதில் இல்லை. பிறகு தன் கண்காணிப்பில் முதலில் கொஞ்சம், அப்புறம் முழு அளவு அமாக்ஸிசிலின் கொடுத்துப் பார்த்தார். ஒன்றுமே ஆகவில்லை.

பெனிசிலின் அலர்ஜி என்று எழுதப்பட்டவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது இருப்பதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வைரஸ் காய்ச்சலே உடம்பில் சிவப்பை வரவழைக்கும். அந்த நேரம் கையில் ஆன்டிபயாடிக் புட்டி இருப்பதால் பழி அதன் மேல் விழுகிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்று இருக்கும்போது அமாக்ஸிசிலின் கொடுத்தால் இப்படிச் சிவப்பது தெரிந்த விஷயம். வயிற்றுப்போக்கும் அலர்ஜி இல்லை, அது பக்கவிளைவு. அமாக்ஸிசிலினோடு கிளாவுலனேட் சேர்ந்த மருந்துக்கு அது சகஜம். உணவோடு சேர்த்துக் கொடுத்தால் குறையும்.

இதைப் படித்துவிட்டு அசட்டையாகவும் இருந்துவிடாதீர்கள். மருந்து கொடுத்த சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்துக்குள்ளோ தடிப்புத் தடிப்பாக எழும்புவது, உதடோ கண் இமையோ வீங்குவது, மூச்சில் இரைச்சல், அடுத்தடுத்து வாந்தி, பிள்ளை துவண்டுபோவது, இவை அவசரம். பால் ஒவ்வாமைக்காக எபிநெஃப்ரின் ஊசி கையில் இருந்தால் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். தோலில் கொப்புளம், தோல் உரிதல், வாயிலோ கண்ணிலோ புண், காய்ச்சலோடு மூட்டு வீக்கம் என்றாலும் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள். 'இப்போது ஒத்துக்கொள்கிறதா பார்ப்போம்' என்று வீட்டில் ஒருநாளும் சோதித்துப் பார்க்காதீர்கள். அது மருத்துவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை.

மற்ற நேரங்களில் அட்டையில் தீர்ப்பு எழுதாதீர்கள், பார்த்ததை எழுதுங்கள். மருந்தின் பெயர், எத்தனையாவது நாள், கடைசி வேளைக்கும் சிவப்புக்கும் நடுவே எவ்வளவு நேரம், அரிப்பு, காய்ச்சல், கூடவே கொடுத்த வேறு மருந்துகள், அன்று சாப்பிட்டவை. பகல் வெளிச்சத்தில் ஒரு படம். மருந்தைத் தொடரலாமா என்று அன்றே மருத்துவரைக் கேளுங்கள். ஏற்கெனவே அட்டையில் எழுதிவிட்டார்கள் என்றால், சோதித்துப் பார்க்க முடியுமா என்று கேட்பதில் தவறே இல்லை.

மலம் சிவந்தால் பாலைச் சந்தேகிப்பது

பால் ஒவ்வாத குழந்தையின் மலத்தில் ரத்தம் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு மறக்காது. ஆனால் செஃப்டினிர் என்ற ஆன்டிபயாடிக் குடிக்கும் குழந்தைக்கு, அதற்கு ஒத்துக்கொள்ளும் இரும்புச்சத்து சேர்த்த ஃபார்முலா பவுடரோ இரும்பு மருந்தோ கொடுத்தால், இரண்டும் சேர்ந்து மலம் செம்மண் நிறமாகப் போகும். ரத்தமா இல்லையா என்பதை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள், உணவை மாற்றுவதற்கு முன்னால்.

புரோபயாடிக் எல்லாம் பாதுகாப்பானது என்று நினைப்பது

சிலவற்றில் பால் புரதம் இருக்கும். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கால்சியம் சேர்த்த மாற்றுப் பால்

பசும்பால் இல்லையே என்று டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸாசின் என்ற ஆன்டிபயாடிக்குகளை இதோடு கொடுக்காதீர்கள். கால்சியம் எதிலிருந்து வந்தாலும் அந்த மருந்துகளைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சரியாகச் சேர விடாது.

அந்த வாரத்தில் புது உணவு

வேண்டாம். பழைய உணவை நிறுத்துவதும் வேண்டாம். வயிறு கலங்கியிருக்கும்போது பால் சர்க்கரை செரிப்பது கூடச் சில நாள் தடுமாறும். மருந்து முடிந்து மலம் பழையபடி ஆன பிறகு பாருங்கள். போன வாரம் பேசிய அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். முதலில் மருத்துவரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் கூப்பிட்டார்.