பந்தய விமானத்திலிருந்து ஒரு கற்பனைப் போர் விமானம்: 1/72 மாடல் செய்முறை

1925-இல் கடல் விமானப் பந்தயமான ஷ்னைடர் கோப்பையை வென்ற கர்டிஸ் ஆர்3சி-2-இன் மாடலில் மிதவைகளைக் கழற்றிச் சக்கரம் மாட்டி, மூக்கில் இரண்டு துப்பாக்கிக் குழலை ஒட்டினால் போர் விமானம் கிடைத்துவிடும் என்று தோன்றும். கிடைக்காது. சிறகே காட்டிக்கொடுத்துவிடும். ஆர்3சி-யின் சிறககலம் சுமார் 6.7 மீட்டர், அதே நிறுவனத்தின் பிடபிள்யூ-8 போர் விமானத்துக்கு 9.75 மீட்டர். துப்பாக்கியும் தோட்டாவும் கூடுதல் பெட்ரோலும் ஏறிய எடையைச் சின்னச் சிறகு சுமந்தால் தரையிறங்கும் வேகம் எகிறும், திரும்பும் வட்டமும் பெரிதாகும். இரண்டுக்கும் நடுவில் 8.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காக, 122 மி.மீ. பழைய பைபிளேன் (மேலும் கீழுமாக இரண்டு சிறகு கொண்ட விமானம்) கிட் ஒன்றின் சிறகுகளை இந்த அளவுக்கு நறுக்கி, முனையை வட்டமாக இழைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ரேடியேட்டர். பந்தய விமானத்தில் சிறகின் மேல் பதித்த பித்தளைத் தகடுகளே ரேடியேட்டர். காற்றுத் தடை குறையும். பிடபிள்யூ-8-இலும் அதையே வைத்தார்கள், ஒழுகித் தொல்லை கொடுத்தது. போரில் அங்கே ஒரு தோட்டா பட்டால் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் போய்விடும். கர்டிஸின் அடுத்த போர் விமானமான பி-1 ஹாக்கில் ரேடியேட்டர் மூக்கின் அடிக்கு இறங்கியதும் அதனால்தான். நீங்களும் சிறகில் ரேடியேட்டர் வரிகள் இருந்தால் தேய்த்து எடுத்துவிட்டு, 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் 10 மி.மீ. அகலம், 14 மி.மீ. நீளத்தில் ஒரு பெட்டி செய்து மூக்கின் அடியில் ஒட்டுங்கள். வாயில் நுண்வலை. துப்பாக்கிகளுக்கு என்ஜின் மூடியின் மேல் 1 மி.மீ. அகலத்தில் இரண்டு பள்ளங்கள் போதும்.

மேல் சிறகில்தான் பெரும்பாலான மாடல்கள் கோணலாகின்றன. ஸ்ட்ரட்களை, அதாவது மேல் சிறகைத் தாங்கும் குச்சிகளை, முதலில் ஒட்டிக் காய்ந்தபின் சிறகை அவற்றின் தலையில் உட்கார வைப்பதே காரணம். கால் மில்லிமீட்டர் பிசகு, சிறகு நுனிக்குப் போகும்போது இரண்டு மில்லிமீட்டர் ஆகிவிடும். இரண்டு அட்டைகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டி, 19 மி.மீ. இடைவெளியும் மேல் சிறகு சற்று முன்தள்ளி நிற்கும் சாய்வும் வருமாறு தாங்கி செய்யுங்கள். பக்கத்துக்கு ஒன்று. சிறகை அதில் உட்கார வைத்து, முன்னாலிருந்தும் மேலிருந்தும் பார்த்துச் சரிசெய்தபின் ஸ்ட்ரட்களை அளவுக்கு நறுக்கி நுழைத்து ஒட்டுங்கள். ஆனால் இதற்கு முன்பே பெயின்ட் முடிந்திருக்க வேண்டும். அப்புறம் பிரஷ் உள்ளே போகாது.

சிறகுகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளுக்கான துளைகளும் பெயின்ட்டுக்கு முன்பே. ஆங்கில ‘N’ எழுத்து வடிவ ஸ்ட்ரட் வைத்தால் பக்கத்துக்கு 4, மொத்தம் 8 கம்பிகள். இரண்டு, மேல் சிறகின் ஸ்ட்ரட் தலையிலிருந்து கீழ்ச் சிறகு உடலோடு சேரும் இடத்துக்கு; இரண்டு, மேல் சிறகின் நடுவிலிருந்து ஸ்ட்ரட்டின் காலுக்கு. 0.3 மி.மீ. துரப்பணத்தில் 1 மி.மீ. உயரத்தில் டேப் சுற்றுங்கள். மேல் சிறகில் துளை மறுபக்கம் வராது. கீழ்ச் சிறகில் துளை ஊடுருவிப் போகட்டும். கம்பி போகும் சாய்விலேயே துரப்பணத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். நேராகக் குத்தினால் துளை வாயில் கம்பி மடிந்து நிற்கும், ஒரு அடி தள்ளி நின்று பார்த்தாலும் தெரியும்.

கம்பிக்குப் பதில் 0.08 மி.மீ. தூண்டில் நரம்பை மேல்துளையில் சூப்பர் குளூவால் ஒட்டுங்கள். மேல் சிறகு இறுகிய மறுநாள், நரம்பைக் கீழ்த்துளை வழியே இழுத்து, நுனியில் ஒரு துணிக் கிளிப்பைத் தொங்கவிடுங்கள். அந்த எடை போதும். வலதில் ஒன்று போட்டால் உடனே இடதில் அதன் ஜோடி. ஒரு பக்கத்தை முழுதாக முடித்தால் சிறகு அந்தப் பக்கம் முறுக்கிக்கொள்ளும். துளையில் ஊசி முனையளவு குளூ, காய்ந்ததும் ஒட்ட வெட்டி, புட்டி, ஒரு தொடு பெயின்ட். பின்னால் எது தொய்ந்தாலும் சூடான சால்டரிங் அயர்னைத் தொடாமல் பக்கத்தில் காட்டுங்கள், நரம்பு சுருங்கி இறுகும்.

காற்றாடி 36 மி.மீ. விட்டத்தில், இரண்டே அலகு, மெல்லிய உலோகத் தகடு முறுக்கியதுபோல. அதையும் பக்கத்துக்கு 6 புகைக்குழாய்களையும் கடைசியில் ஒட்டுங்கள். முன்பே ஒட்டினால் கிளிப் மாட்டும் கை அவற்றைத்தான் முதலில் உடைக்கும்.