கோருக்கு வேலை பிரிச்சுக் குடுக்கிறது எப்பிடி

கம்ப்யூட்டர் ப்ராசசருக்குள்ள தனித்தனியா கணக்குப் போடுற பகுதிதான் கோர். ஹட்டன்ல கம்ப்யூட்டர் படிக்கிற தம்பி ஒருத்தன் போன கிழமை கேட்டான், "அண்ணே, நாலு கோருக்கும் வேலைய சமமாத்தான் பிரிச்சேன், வேகமே வரல்லயே"ன்னு. ஓட விட்டு, ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டுற ஹெச்டாப்ப திறந்து பாத்தா, மூணு கோர் முடிச்சிட்டு சும்மா கெடக்கு, ஒண்ணு மட்டும் நூறு வீதத்துல தனியா மாரடிக்குது. பிரிச்சது ஃபைல் எண்ணிக்கைய வச்சு, அதான் பிழை. நேரத்த வச்சு பிரிக்கணும்.

ரெண்டு கோர், நாலு வேலைன்னு வைங்க, 20, 20, 40, 80 நிமிஷம். முதல் ரெண்ட ஒண்ணுக்கும் மத்த ரெண்ட இன்னொண்ணுக்கும் குடுத்தா முடிய 120 நிமிஷம். யாரு கை ஓய்ஞ்சாலும் அடுத்தத எடுக்கட்டும்னு இதே வரிசையில விட்டா 100. அதையே பெரிய வேலை முதல்லன்னு மாத்துங்க, 80 ஒரு பக்கம் ஓட மத்த மூணும் மறுபக்கம் 80லயே முடிஞ்சிரும், கோட்ல மாத்தினது வரிசை மட்டுந்தான்.

அம்மா கொழுந்து எடுக்கப் போன மலையிலயும் இதத்தான் பாத்திருக்கேன். தன்னோட நெரைய, அதாவது தேயிலைச் செடி வரிசைய, முடிச்சவங்கள சும்மா நிக்க விடாம கங்காணி அடுத்த நெரைய காட்டுவாரு, அதுதான் டைனமிக் ஷெட்யூலிங்.

பெரிய வேலை முதல்லங்கிற முறைக்கு 1969லயே கணித அறிஞர் கிரஹாம் கணக்குப் போட்டு காட்டிட்டாரு, வேலைகள் ஒண்ண ஒண்ணு காத்திருக்காம, கோர் எல்லாம் ஒரே வேகமா இருந்தா, ஆகச் சிறந்த பிரிப்ப விட மூணுல ஒரு பங்குக்கு மேல நேரம் அதிகமாகாதுன்னு. நேரம் எவ்வளவுன்னு தெரியாட்டி ஃபைல் சைஸ வச்சு வரிசைப்படுத்துங்க, எனக்கு அனேகமா அதுவே போதும்.

பைத்தான்ல வேலைய பல கோருக்கும் பிரிச்சு அனுப்புற பூல் மேப், வேலைகள கட்டு கட்டா சேத்துத்தான் அனுப்பும், அதனால பெரிய வேலை ரெண்டு ஒரே கட்டுல மாட்டிக்கிரும், ஒரு கட்டுல எத்தனை வேலைன்னு சொல்ற சங்க்சைஸ ஒண்ணுன்னு குடுங்க. சி, சி பிளஸ் பிளஸ்ல இதே வேலைக்குப் பாவிக்கிற ஓபன்எம்பின்னா ஷெட்யூல்ல டைனமிக்னு குடுங்க. ஆனா ஒவ்வொரு வேலையும் மில்லிசெகண்ட் கணக்குலன்னா கட்டா அனுப்புறதுதான் நல்லது, இல்லாட்டி குடுத்து வாங்கவே நேரம் போயிரும்.

கணக்குப் போடுற வேலைக்கு கோர் எண்ணிக்கைக்கு மேல ப்ராசஸ், அதாவது தனியா ஓடுற புரோகிராம், தொறக்காதீங்க. லினக்ஸ்ல என்ப்ராக் கட்டளை காட்டுறது லாஜிக்கல் எண்ணிக்கை, ஒரு கோர ரெண்டாவும் எண்ணியிருக்கலாம், நெசமான கோர் எத்தனைன்னு எல்எஸ்சிபியூ கட்டளையில பாருங்க.

இவ்வளவும் செஞ்சும் வேகம் வரல்லன்னா பிரிக்கவே முடியாத பகுதி எவ்வளவுன்னு அளந்து பாருங்க, அது பத்து வீதம்னா எத்தனை கோர் போட்டாலும் பத்து மடங்க தாண்டாது, தம்பியோட கோட்ல ஃபைல் எல்லாத்தையும் முதல்ல ஒத்த ஆளா படிக்கிற லூப் ஒண்ணு இருந்துச்சு, அதையும் பூலுக்குள்ள தள்ளச் சொல்லியிருக்கேன்.